அவசரமில்லாத கத்தி

ஃபேஸ்லிஃப்ட் பற்றிக் கேட்க வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் காதுக்கு முன்னால் கன்னத்தை அழுத்தி மேலே இழுத்துக் காட்டுவார்கள். "இவ்வளவுதான் டாக்டர். இவ்வளவு மட்டும் தூக்கினா போதும்." இழுத்துப் பிடித்த வாயோடு பேசுவதால் சொல் கொஞ்சம் குழறும். ஆண்கள் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அதையே செய்வார்கள்.

விரல் இழுப்பது தோலை. அறுவையில் நாங்கள் தூக்குவது வேறொன்றை. அதனால் அவர்களைப் பரிசோதனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுப்பேன். படுத்தவுடன் கன்னத்துச் சதை காதுப் பக்கமாகச் சரியும். தாடையோரத் தொங்கல் பெரும்பகுதி மறையும். கழுத்து ஓரளவு சீராகும். நெற்றிக் கோடு அப்படியே இருக்கும். மேலுதட்டுக்கு மேலே உள்ள நுண்சுருக்கமும் அப்படியே இருக்கும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு சற்று இளகும், போகாது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா கிட்டத்தட்ட இந்த முகம்தான் கிடைக்கும்" என்பேன். சிலர் கண்ணாடியை வெகுநேரம் பார்ப்பார்கள். சிலர் "இவ்வளவுதானா?" என்று எழுந்துவிடுவார்கள். அப்படி எழுந்து போகிறவர்களை நான் தடுத்ததில்லை. பல லட்சம் செலவழித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பதைவிட இப்போது கேட்பது மேல்.

இந்தச் சிகிச்சையை யோசிக்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இதற்குத் தாமதம் என்று ஒன்று கிடையாது. குடல்வால் வெடிக்கும். தீக்காயம் காத்திருக்காது. முறிந்த எலும்பு தப்பாகக் கூடிவிடும். தாடையோரச் சதை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். இன்னும் அரைச் சுற்று இறங்கியிருக்கலாம், அதையும் சேர்த்தே தூக்கிக்கொள்ளலாம். நோயில்லாத உடம்பைத்தான் மேசையில் கிடத்துகிறோம். ஆகவே தள்ளிப்போட ஒரு சின்னக் காரணம் கிடைத்தாலும் தள்ளிப்போடுவது என் வழக்கம். இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அந்த இடத்திலிருந்து கிளம்பி வாருங்கள்.

தோலுக்கு அடியில் என்ன தூக்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். 1901இல் பெர்லினில் ஆய்கன் ஹோலண்டர் என்ற மருத்துவர் ஒரு சீமாட்டியின் காதோரத்தில் நீள்வட்டமாகத் தோலை வெட்டித் தைத்ததிலிருந்து இந்தத் தொழிலின் கதையை ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் இதே வேலைதான். வெட்டும் துண்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் தோல் நெகிழும் பொருள். இழுத்துத் தைத்தால் சில மாதங்களில் மறுபடி தளரும், போகிற போக்கில் வடுவை அகலமாக்கிவிட்டுத் தளரும். பழைய படங்களில் சில நடிகர்களின் முகம் காற்றில் நிற்பதுபோல இறுகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலை மட்டும் நம்பிய காலத்தின் கைவேலை.

1970களில்தான் வழி மாறியது. ஸ்வீடனில் டோர்ட் ஸ்கூக் தோலை அடிப்படலத்தோடு சேர்த்தே தூக்கிக் காட்டினார். 1976இல் பாரிஸில் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அந்தப் படலத்தை முறையாக விவரித்தார்கள். கொழுப்புக்குக் கீழே, முகத்தசைகளோடு பிணைந்து, கழுத்துவரை இறங்கும் மெல்லிய நார்ப்படலம் அது. எங்களுக்குள் ‘ஸ்மாஸ்’ என்போம். 1990இல் அமெரிக்காவில் சாம் ஹாம்ரா அதற்கும் அடியில் போய், எலும்போடு சதையைக் கட்டிவைத்திருக்கும் பிடிப்புநார்களை விடுவித்து மொத்தமாக நகர்த்தும் முறையை எழுதினார். விளம்பரங்களில் இன்று ‘டீப் பிளேன்’ என்று வருவது அதன் வாரிசு. உள்பாவாடை இறங்கிக் கிடக்கும்போது புடவைக் கொசுவத்தை எத்தனை முறை இழுத்துச் செருகினாலும் நிற்காது என்பது பெண்களுக்குத் தெரியும். இங்கும் அதே கணக்குதான். கட்டு உள்ளே விழ வேண்டும். மேலே உள்ள தோலை இழுவிசையே இல்லாமல் படரவிட்டு, மிஞ்சியதை மட்டும் வெட்டித் தைக்க வேண்டும். டீப் பிளேனா, மேலோட்டமாக ஸ்மாஸை மடித்துத் தைப்பதா என்று நோயாளிகள் வீடியோ பார்த்துவிட்டு என்னோடு வாதாடுவார்கள். இரண்டிலும் நல்ல முகங்களும் பார்த்திருக்கிறேன், கெட்டுப்போன முகங்களும் பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் எதை நிறையச் செய்திருக்கிறாரோ அதைச் செய்யவிடுங்கள்.

இது பணக்காரர்களின் வீண் ஆசை என்று சக மருத்துவர்களே கேலி செய்வதுண்டு. ஆனால் எனக்கு இந்த அறுவையின் வெட்டுக்கோட்டை முதன்முதலில் வரைந்து காட்டிய ஆசிரியர், தொழுநோய் குணமான ஒருவரின் முகத்தில்தான் வரைந்தார். மருந்து கிருமியைக் கொன்ற பிறகும் அந்த நோய் முகத்தில் தங்கிவிடும். புருவம் உதிர்ந்திருக்கும், மூக்குப் பாலம் அமுங்கியிருக்கும், காது மடல் நீண்டு தொங்கும். தடித்திருந்த தோல் வற்றித் தொய்ந்து, முப்பது வயதுக்காரரை அறுபதாகக் காட்டும். வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் 1940களின் இறுதியிலிருந்து கைகளைச் சரிசெய்து பிழைக்க வழி காட்டியதை உலகம் அறியும். கை சரியான பிறகும் அந்த முகத்தைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகும், டீக்கடையில் தனிக் குவளை வரும். அதனால் மூக்கையும் புருவத்தையும் சீராக்கினார்கள். தொழுநோய் மறுசீரமைப்பு அறுவையில் தொய்ந்த முகத்தோலைக் குறைப்பதற்கும் காது மடலைச் சிறிதாக்குவதற்கும் இடம் உண்டு. பாரிஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுசான் நோயல் என்ற பெண் மருத்துவர் ஃபேஸ்லிஃப்ட் செய்தார். முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்களுக்காகவும் செய்தார், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஒருவருக்கு இது தேவையா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. இப்போதேவா என்று கேட்க மட்டும் எனக்கு உரிமை உண்டு.

அந்தக் கேள்வியை முதலில் ரத்தக் கொதிப்பிடம் கேட்பேன். ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது. பெண்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர்வரை. ஆண்களில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு, தாடி முளைக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். பிபி ஏறினால் நிச்சயமாகத் தேடி வரும். "டாக்டரைப் பாத்தாதான் ஏறுது, வீட்ல நார்மல்" என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஆபரேஷன் நாளன்றும் டாக்டரைப் பார்க்கத்தானே வேண்டும்.

அடுத்தது மாத்திரைப் பை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்வேன். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இருந்தால் யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று பார்க்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அழகுக்காக அதை நிறுத்தலாமா என்று கேட்டால், இதய மருத்துவர் எழுத்தில் சம்மதிக்கும்வரை அந்தப் பேச்சே கிடையாது. எழுதிக்கொடுக்காத மருந்துகள்தான் அதிகத் தொல்லை. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு கேப்ஸ்யூல், யாரோ கொடுத்த சூரணம். "அதெல்லாம் மருந்தே இல்ல டாக்டர், சத்துக்கு" என்பார்கள். ரசத்தில் போடும் பூண்டு ஒன்றும் செய்யாது. செறிவாக்கி மாத்திரையில் அடைத்தது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். எடை குறைக்க செமாகுளூட்டைட் ஊசி போடுகிறவர்கள் அதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்கக் கூடாது. வயிறு காலியாக நேரமாகும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அந்த ஊசியால் வேகமாக இளைத்து முகம் தொங்கிப்போய் வருகிறவர்கள் இப்போது அதிகம். எடை ஓர் இடத்தில் நிலைத்து ஆறு மாதமாவது ஆகட்டும் என்று அவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் எட்டுக் கிலோ குறைத்தால், தூக்கியது வீண்.

புகையிலை. இதில் எனக்கு இரக்கமே கிடையாது. காதைச் சுற்றித் தோலைப் பிரித்துத் தூக்கும்போது அதன் ரத்த ஓட்டத்தில் பெரும்பகுதியைத் துண்டிக்கிறோம். மிஞ்சிய நுண்குழாய்களை நிக்கோட்டின் சுருக்கிவிட்டால் காதுக்குப் பின்னால் தோல் கருத்து அழுகும். நியூயார்க்கில் தாமஸ் ரீஸ் குழு 1984இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களுக்கு இந்த அபாயம் ஏறத்தாழ 12 மடங்கு என்று கண்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும். நம் ஊரில் "புகைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. தென்மாவட்டத்து அம்மாக்கள் "சேச்சே" என்பார்கள், வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருக்கும். ஐடி கம்பெனிக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பார், பையில் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கும். ரத்தக் குழாய்க்கு எல்லாம் ஒன்றுதான்.

சர்க்கரை நோய் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் வந்த பிறகு வாருங்கள்.

உடம்பு சரியாக இருந்தும் நான் அதிகம் தள்ளிப்போடுவது கல்யாணத்தால். பையனுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று, இன்னும் ஆறு வாரம், மாமியாராக மேடையில் நிற்க வேண்டும், கேமரா ட்ரோன் எல்லாம் உண்டு. கன்றிய நீலம் இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். வீக்கத்தின் கடைசிப் பங்கு போக மாதங்கள் ஆகும். ஆறாவது வாரத்தில் தெரியாதவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் கண்ணுக்குத் தெரியும். மூன்று மாதமாவது இடைவெளி இல்லையென்றால், கல்யாணம் முடிந்து மறுவீடெல்லாம் ஆன பிறகு வாருங்கள் என்பேன். வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் வருகிறவர்களிடமும் அதே பேச்சு. தையல் ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம். விமானம் ஏறிய பிறகு காதுக்குப் பின்னால் சீழ் வைத்தால் நியூஜெர்சியில் யார் பார்ப்பார்கள்? அங்குள்ள மருத்துவர் அடுத்தவர் தைத்ததைத் தொடத் தயங்குவார்.

மனசின் கணக்கு இன்னும் கடினம். மகளோடு வந்த ஓர் அம்மா. மகளே எல்லாம் பேசினாள்: கழுத்து, தாடை, பட்ஜெட். அவளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும் அம்மா, "எனக்கு இப்பிடியே இருந்தா போதும்மா. அவதான் போட்டோல நான் கெழவி மாதிரி இருக்கேங்கிறா" என்றார். மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்தோம். பிபி கொஞ்சம் அதிகம் என்று சொல்லிவிடலாம் என்றார் அவர். உண்மையிலேயே கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

கணவர் இறந்து வருஷம் திரும்பாதவர்களுக்கும், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் நான் தேதி கொடுப்பதில்லை. முகம் மாறினால் போனவர் திரும்புவார் என்ற கணக்கு உள்ளே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அது நடக்காதபோது கோபம் வடுவின் மேல் விழும். என்னிடம் வருமுன் நான்கு டாக்டர்களைப் பார்த்து நால்வரையும் திட்டுகிறவர், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கோட்டைத் தினமும் மணிக்கணக்காகக் கண்ணாடியில் பார்க்கிறவர், இவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர். அதைச் சொல்லும்போது கோபித்துக்கொண்டு போவார்கள், கூகுளில் எனக்கு ஒரு நட்சத்திரம் கொடுப்பார்கள்.

நடிகை படத்தைக் கொண்டு வராதீர்கள். ஃபில்டர் போட்ட செல்ஃபியும் வேண்டாம். கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வாருங்கள், முப்பத்தைந்து நாற்பது வயதில் எடுத்த படங்களையும். கன்னத்து மேடு அப்போது எங்கே இருந்தது, தாடை எவ்வளவு கூர்மை, எந்தப் பக்கம் பிறவியிலேயே சற்றுத் தாழ்வு என்று அதில்தான் தெரியும். இரண்டு பாதி முகமும் ஒன்றாக உள்ளவர் எவருமில்லை. அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே காட்டிவிட்டால், பிறகு அது என் கைவேலை என்ற வழக்கு வராது.

நம் தோலைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளைக்காரத் தோல் வெயிலில் சீக்கிரம் சுருங்கும். நம் தோல் தடிப்பானது, நிறமி காவல் இருக்கிறது, சுருக்கம் தாமதமாகத்தான் வரும். நம் முகத்துக்கு வயது ஏறுவது பெரும்பாலும் கனத்தால்: கன்னம் இறங்கி, தாடையோரம் தடித்து, தாடைக்கடியில் கொழுப்பு சேர்ந்து, கண்ணைச் சுற்றிக் கருமை. கருமையை ஃபேஸ்லிஃப்ட் தொடாது. கழுத்தின் நடுவே இரண்டு நாண்கள் புடைத்திருந்தால் தாடைக்கடியில் தனியாக ஒரு சிறு வெட்டு வேண்டும். அதைச் சேர்க்காமல் பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் கழுத்து ஏமாற்றும். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பலருக்கு இந்த அறுவையே வேண்டாம். ஃபில்லர் போதும், அதையும் கொஞ்சமாக. தொங்கலைத் தூக்குவதற்காக ஃபில்லரை ஏற்றிக்கொண்டே போனால் முகம் உப்பி ஊதும். நூல் வைத்துத் தூக்கும் ‘திரெட் லிஃப்ட்’ மதிய இடைவேளையில் முடிந்துவிடும் என்று விற்கிறார்கள். கரையும் நூலின் பலன் பல பேருக்கு ஒரு வருஷத்தை எட்டுவதில்லை. பல முறை நூலும் ஃபில்லரும் வைத்த முகத்தைத் திறந்தால் படலங்கள் ஒட்டிப்போய் வடு இறுகிக் கிடக்கும், வேலை இரட்டிப்பாகும். அதை வைத்தவர்கள் எத்தனை முறை, எங்கே என்று என்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காது. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் ஃபேஸ்லிஃப்ட்டின் ரகசியம் காதோரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நெற்றிப்பொட்டு முடியில் ஆரம்பித்து, காதின் முன்பக்க வளைவோடு இறங்கி, மடலைச் சுற்றி, பின்னால் ஏறி, பிடரி முடிக்குள் போகும் வெட்டு. நல்ல கையில் அது ஒரு வருஷத்தில் கண்ணுக்கு அகப்படாத கோடாகும். அவசரக் கையில் மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிவிடும், கிருதா முடி மேலேறிக் காணாமல் போகும். ஆண்களுக்கு வெட்டுக்கோட்டைக் காதுக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தாடி முளைக்கும் தோல் காதுக்குருத்தின் மேல் ஏறிவிடும், பிறகு காதுக்குள் சவரம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

நம் பெண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. நாற்பது வருஷம் கனத்த ஜிமிக்கி சுமந்த மடல் ஏற்கெனவே நீண்டு, துளை கீறலாகி இருக்கும். முகத்தைத் தூக்கி மடலை அப்படியே விட்டால் வயது காதில் உட்கார்ந்து சிரிக்கும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்வேன். பாம்படம் போட்டு வளர்த்த காதைத் தைத்து மூடச் சொல்லித் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிகளைப் பேத்திகள் கூட்டி வந்த காலம் ஒன்று இருந்தது. பயிற்சி நாள்களில் அந்த மடல்களில்தான் தையலின் நுணுக்கம் எங்களில் பலருக்குக் கைவந்தது. அவ்வளவு மென்மையான தோலை நான் வேறெங்கும் தைத்ததில்லை. ஆச்சிகளில் சிலர் மூடிய மறுவருஷமே மறுபடி குத்திக்கொண்டு கம்மலோடு வந்து காட்டினார்கள்.

"காது குத்தின இடத்துல கட்டி வந்திருக்கா? அம்மை ஊசி போட்ட தழும்பு புடைச்சிருக்கா?" இந்த இரண்டையும் தவறாமல் கேட்பேன். கெலாய்டு வரும் உடம்பு என்றால் காதுக்குப் பின்னால் வடு புடைக்கலாம். சிலிக்கோன் ஜெல், ஸ்டீராய்டு ஊசி என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கட்டி பெரிதாக வந்திருந்தவர் என்றால் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அறுவை நாள் காலையில் நர்ஸுகளுக்குத்தான் வேலை. மூக்குத்தி, தோடு, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். தாலிச் சரடுதான் நிற்கும். கழுத்தில் வேலை, உலோகம் இருந்தால் மின்கருவியால் சுடும் அபாயம். சொன்னால் புரியும், ஆனாலும் கை வராது. மஞ்சள் கயிற்றை மட்டும் மணிக்கட்டில் கட்டிவிடுவோம். தலைக்குச் சாயம் போடுவதென்றால் முந்தைய வாரமே போட்டுவிட வேண்டும், அதன் பிறகு ஒன்றரை மாதம் கூடாது. இதை யாரும் சொல்லாமல் விட்டால் நோயாளி மூன்றாவது வாரம் வெள்ளை முடியோடு அழுவார். சொன்னால் முன்கூட்டியே அழுவார், அவ்வளவுதான்.

மேசையில் மூன்று முதல் ஐந்து மணி நேரம். ஸ்மாஸ் படலத்துக்கு அடியில் முகநரம்பின் கிளைகள் ஓடுகின்றன. புருவத்தைத் தூக்கும் கிளையும் கீழுதட்டை இறக்கும் கிளையும் மெலிந்தவை, ஆபத்தான இடத்தில் போகிறவை. நிரந்தரமாகச் செயலிழப்பது நூற்றில் ஒன்றுக்கும் கீழே. சில வாரம், சில மாதம் மந்தமாக இருந்து மீள்வது அதைவிடக் கொஞ்சம் அதிகம். நூற்றில் ஒன்றுக்கும் கீழே என்பது யாருக்கும் ஆறுதல் ஆகாது, அந்த ஒருவர் நீங்களாக இருந்தால். கையெழுத்து வாங்குமுன் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, ஒரு புருவம் ஏறாமல், ஒரு பக்க உதடு இறங்காமல் சிரித்தால் எப்படி இருக்கும் என்று நானே செய்து காட்டுவேன். அதைப் பார்த்த பிறகும் சரி என்றால் சரி. மிக அதிகமாக அடிபடுவது அசைவு நரம்பே அல்ல. கழுத்திலிருந்து காதுக்கு ஏறும் உணர்வு நரம்பு. அது அடிபட்டால் மடல் மரத்துப்போகும், திருகாணி போடும்போது குத்துவது தெரியாது. அடிபடாவிட்டாலும் காதைச் சுற்றி சில மாதம் மரப்பு இருக்கத்தான் செய்யும்.

முதல் ராத்திரிக்கு நான் பயப்படுவேன். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், இருமல், வாந்தி வரக்கூடாது, பிபி எகிறக்கூடாது. மூன்றுமே நம் குடும்பங்கள் வார்டில் கூடி நின்று சிரிக்க வைக்கும்போது நடப்பவை. பார்வையாளர் கிடையாது என்று பலகை மாட்டினாலும் நாத்தனார் வந்துவிடுவார். கூட இருக்கிற ஒருவரிடம் ஒரே விஷயம் சொல்லி வைப்பேன்: இரண்டு பக்கமும் இறுக்கமாக இருந்தால் பயமில்லை, ஒரு பக்கம் மட்டும் வலித்து, வலி ஏறிக்கொண்டே போனால் மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. ரத்தம் கட்டியிருந்தால் உடனே திறந்து எடுக்க வேண்டும், விடியட்டும் என்று விட்டால் மேல்தோல் செத்துப்போகும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் முகம் உப்பிக் கருநீலமாக இருக்கும். "ஏன்டா பண்ணிக்கிட்டோம்னு இருக்கு" என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்கிறார்கள். கணவரிடமும் பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த வாரத்தில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியம் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது என்று. இட்லி, ரசம் சாதம், நீளமான குழாய்த் தலையணை, கொஞ்சம் பொறுமை. எண்ணெய்க் குளியல் நான் சொல்லும்வரை வேண்டாம்.

யாரிடம் செய்துகொள்வது? எம்.சிஹெச் அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவரே அப்படி நம்பிப் போனார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அழகியல் அறுவைகளுக்கான நெறிமுறையில், பட்டறைகளில் உட்கார்ந்து பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டிய நிலை வந்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கே செய்வார்கள், மயக்க மருந்து நிபுணர் முழுநேரமும் உள்ளே இருப்பாரா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி தியேட்டர் திறக்க முடியுமா என்று கேளுங்கள். டாக்டரிடம் நேரடியாக இன்னொன்றும் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை ஃபேஸ்லிஃப்ட் செய்கிறீர்கள்? நம் நாட்டில் மூக்கு, கொழுப்பு உறிஞ்சல், முடி நடுதல் அளவுக்கு இது நடப்பதில்லை. மற்றவற்றில் கைதேர்ந்தவர் இதில் எப்போதாவது செய்கிறவராக இருக்கலாம். படங்களைக் காட்டச் சொன்னால் ஒரு வருஷம் கழித்து எடுத்ததைக் கேளுங்கள். முடியை ஒதுக்கி, காது தெரிய, மேக்கப் இல்லாமல், முன்பு எடுத்த அதே வெளிச்சத்தில். பின்னால் எடுத்த படத்தில் மட்டும் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தால் அடுத்த படத்துக்குப் போங்கள்.

பணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். காப்பீடு இதற்குக் காசு தராது. அழகுக்கான அறுவை என்பதால் ஜிஎஸ்டி உண்டு, முதலில் சொல்லும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் கட்டி மறுபடி திறக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பாத்துக்கலாம்" என்றால் யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள்.

எத்தனை வருஷம் நிற்கும்? ஏழு முதல் பத்து என்று பொதுவாகச் சொல்வோம். கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கலாம், நிறுத்த முடியாது. எடை ஏறி இறங்கினால், வெயிலில் அலைந்தால் இன்னும் குறையும். ஒரு வருஷம் கழித்து வந்த ஒருவர் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, மேல் இமையைச் சுட்டிக்காட்டி, "இத எப்ப வெச்சுக்கலாம் டாக்டர்? தைக்குள்ள முடிச்சிடலாமா?" என்றார். வடு நன்றாக ஆறியிருந்தது, மடல் தன் இடத்தில் இருந்தது. பிபி பார்த்தேன்: 160, கீழே 100. மாத்திரையை நிறுத்திவிட்டாராம். "இப்பதான் நல்லா இருக்கேனே." அவருடைய பழைய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் தினமும் பிபி பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். தை முடிந்து மாசியும் வந்துவிட்டது. மகள்தான் போன் செய்தாள், நோட்டில் இருபது நாள் எழுதியிருக்கிறாராம், அதுவே போதாதா என்று அம்மா கேட்கச் சொன்னாராம்.